குண்டர் சட்டத்தைத் திருத்துங்கள்: தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். குண்டர் சட்டம் என்று ஊரே சொல்லும் 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு 14-ஆவது சட்டத்தைத் திருத்தக் கோரி இம்மடலை எழுதுகிறேன். பொது ஒழுங்கைக் காக்க என்று விசாரணையில்லாமலே ஒருவரை முன்கூட்டி அடைக்கும் தடுப்புக் காவல், ஒன்றியமும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் இருக்கிறது. இச்சட்டத்தை இயற்றியது உங்கள் அவைதான். எனவே தில்லியைக் கைகாட்டிவிட்டு ஒதுங்க முடியாது.

சாராயம் காய்ச்சுவோர், போதைப்பொருள் விற்போர், குண்டர்கள், குடிசைப்பகுதி நிலத்தை அபகரிப்போர் என்று தொடங்கிய பட்டியலில் பிறகு வனக் குற்றம், மணல் கொள்ளை, திருட்டு வீடியோ எல்லாம் வந்து சேர்ந்தன. 2014-இல் இணையக் குற்றமும் பாலியல் குற்றமும் சேர்ந்தன. பட்டியலை நீட்டுவதற்காகக் கூடிய அவை, சிறையில் அடைபடுகிறவனுக்கான பாதுகாப்பைக் கூட்ட ஒருமுறையாவது கூட வேண்டாமா?

மாவட்ட ஆட்சியரோ காவல் ஆணையரோ கையெழுத்திட்டால் போதும், ஒருவரைச் சிறையில் அடைக்கலாம்; அரசும், ஆணையைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகமும் ஏற்றுக்கொண்டால், விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை அங்கேயே வைக்கலாம். 2017-இல் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராகத் துண்டறிக்கை கொடுத்த சேலத்துப் பல்கலைக்கழக மாணவி மீது இதே சட்டம் பாய்ந்தது. அதே ஆண்டில், ஈழப் போரில் மாண்டவர்களுக்கு மெரினாவில் நினைவேந்தல் நடத்த முனைந்தவர்கள் மீதும் பாய்ந்தது. இந்த ஆணைகளையெல்லாம் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. சாதாரணச் சட்டமே போதுமான இடத்தில் தடுப்புக் காவல் செல்லாது என்று 2011-இலேயே ரேகா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்குப் பிறகும், நாட்டிலேயே தடுப்புக் காவல் கைதிகள் மிகுந்த மாநிலமாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைக் கணக்குகளில் நம் மாநிலம் நிற்பது எனக்குப் பெரும் வேதனை.

'குண்டாஸ் போட்டுவிட்டார்கள்' என்ற செய்தி வந்ததும் ஒரு வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஐந்து நாளுக்குள் கைதியின் கையில் ஒரு கட்டுக் காகிதம் கொடுக்கப்படுகிறது. முதல் தகவல் அறிக்கை, ரிமாண்டு உத்தரவு, பழைய வழக்குகளின் நகல்கள் எல்லாம் அதில் இருக்கும். நகலின் நகல் என்பதால் சில பக்கங்களில் மை மட்டுமே தெரியும். சில பக்கங்கள் ஆங்கிலத்திலேயே இருக்கும். இதை வாசித்துப் புரிந்துகொண்டு அவர் அரசுக்கு முறையீடு எழுத வேண்டும். பிறகு அறிவுரைக் கழகத்தின் முன் நிற்க வேண்டும். அங்கே வழக்கறிஞரை வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை என்கிறது 11-ஆவது பிரிவு. பணம் புரட்ட முடிந்த குடும்பம், அடைத்தது சட்டப்படி சரியா என்று கேட்டு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடுகிறது. அது விசாரணைக்கு வருவதற்குள் பல மாதங்கள் ஓடிவிடுகின்றன. நகல் தெளிவாக இல்லை, மொழிபெயர்ப்பு தரவில்லை, முறையீட்டைப் பரிசீலிப்பதில் தாமதம் என்று எத்தனையோ ஆணைகள் ரத்தாகின்றன. ஆனால் சிறையில் போன மாதங்களுக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. கையெழுத்திட்ட அதிகாரியிடம் ஒரு கேள்விகூடக் கேட்கப்படுவதில்லை.

முதலில் 11-ஆவது பிரிவைத் திருத்துங்கள். அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 22-ஆவது உறுப்பு தடுப்புக் காவல் கைதிக்குத் தரவில்லை என்பது உண்மை. ஆனால் ஒரு மாநிலம் தானே முன்வந்து அதைத் தருவதற்கு அந்த உறுப்பு எந்தத் தடையும் போடவில்லை. வசதியில்லாதவருக்கு இலவச சட்ட உதவி மூலம் வழக்கறிஞர் கிடைக்க வேண்டும். ஆவணங்கள் அவருக்குத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும். முறையீட்டுக்கு இத்தனை நாளில் பதில் என்று சட்டத்திலேயே எழுதுங்கள், அந்த நாள் தாண்டினால் ஆணை தானாகக் காலாவதியாகட்டும். 12 மாதத்தை மூன்றாகக் குறையுங்கள். சட்டவிரோதமாக அடைக்கப்பட்டவருக்கு இழப்பீடு வேண்டும். அமைதியான போராட்டமும் பேச்சும் எழுத்தும் இச்சட்டத்தின் வரம்புக்குள் வராது என்று ஒரு வரி சேருங்கள்.

கொடுங்குற்றவாளிகளை எப்படி அடக்குவது என்று கேட்பீர்கள். வழக்கை விரைந்து நடத்தி, சாட்சிகளைக் காத்து, தண்டனை வாங்கித் தாருங்கள். ஜாமீனை ரத்து செய்யக் கோரவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

1976-இல், நெருக்கடிநிலைக் காலத்தில், மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தில் சென்னை மத்திய சிறைக்குப் போனவர்களின் தியாகத்தை இந்த மாநிலத்தின் மேடைகள் இன்றும் போற்றுகின்றன. விசாரணையில்லாச் சிறை எப்படிப்பட்டது என்பதை உங்கள் மூத்தவர்களில் பலர் உடம்பால் அறிந்தவர்கள். அடுத்த கூட்டத்தொடரில் திருத்த மசோதாவை ஆளுங்கட்சி கொண்டுவரட்டும். கொண்டுவராவிட்டால் உங்களில் யாராவது ஒருவர் தனிநபர் மசோதாவாக அதை அவையில் வையுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டு வாக்காளர் ஒருவர்