முட்டுக்கட்டை போட்டவர்களுக்கு நன்றி

திருவாரூர் கீழவீதியிலும் தெற்குவீதியிலும், தியாகராஜர் கோயிலின் பெரிய தேரான ஆழித்தேர் ஓடிய அன்று எங்களுக்கு இடம்விட்டு நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

பெயர் சொன்னால் எங்களை உங்களுக்குத் தெரியாது. அடையாளம் சொல்கிறேன். நீலச் சட்டை போட்ட இருபத்து மூன்று பிள்ளைகள் ஒரு நீளமான கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்தார்கள். முன்னால் ஒரு தமிழாசிரியை, பின்னால் வியர்த்து வழிந்தபடி ஓர் அறிவியல் வாத்தியார். அந்த வாத்தியார் நான்தான். "வடம் பிடிக்க இப்போதே பழக்குகிறீர்களா, சார்?" என்று எங்கள் கயிற்றைப் பார்த்து ஒருவர் கேலி செய்தார். அவருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

தேருக்காக மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிய என்னை வீட்டில் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். வேன் ஓட்டிவந்த தம்பி வாடகையில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "தேர் பார்க்கப் போகிற பிள்ளைகளிடம் முழுசாக வாங்கினால் அம்மா திட்டும்" என்றார். நன்றி சொல்லத் தொடங்கவேண்டியது அவரிடமிருந்துதான். ஆனால் என் மனம் முழுக்கத் தேர்ச்சக்கரத்தின் பக்கமே நிற்கிறது.

வகுப்பில் கணக்குப் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தோம். மரப்பீடம் 30 அடி, அதற்கு மேல் சீலை சுற்றிய பகுதி 48 அடி, விமானம் 12 அடி, கலசம் 6 அடி, ஆக மொத்தம் 96 அடி. அலங்காரத்தோடு எடை ஏறத்தாழ 300 டன். ஒரு யானை ஐந்து டன் என்று வைத்தால் அறுபது யானை. பிள்ளைகள் கரும்பலகையில் அறுபது யானை வரைய ஆரம்பித்து, பதினேழாவது யானையோடு இடம் தீர்ந்துபோனது. கீழவீதியில் தேரை நேரில் அண்ணாந்து பார்த்ததும் யாரும் யானையைப் பற்றிப் பேசவில்லை. முன்னால் பாய்கிற நான்கு மரக்குதிரைகளும் ஒவ்வொன்றும் 32 அடி நீளம். அதன் வயிற்றுக்கடியில் எங்கள் பள்ளி வேனை நிறுத்திவிடலாம்போல இருந்தது. தமிழாசிரியை, அப்பர் காலத்திலேயே 'ஆழித்தேர்' என்று பாடப்பட்ட ஊர் இது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பறையும் நாதஸ்வரமும் "ஆரூரா, தியாகேசா" முழக்கமும் சேர்ந்து அவர் குரலை விழுங்கிவிட்டன.

தேர் நகர்வதற்கு முன்பு, சக்கரத்தோரம் அடுக்கி வைத்திருந்த கட்டைகளில் ஒன்றின்மேல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் காவித் துண்டு, இடதுகைப் பெருவிரலில் நகம் இல்லை. ஒரு பக்கம் சரிவாகச் சீவிய புளியமரக் கட்டை அது. எங்கள் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் நேராகப் போய் அவரிடம் கேட்டான்: "இதன் பெயர் என்ன?"

"முட்டுக்கட்டை."

பையன் சிரித்துவிட்டான். சிரித்ததற்குக் காரணம் உண்டு. அவனுக்கு அந்தச் சொல் செய்தித்தாளில்தான் பழக்கம். திட்டத்துக்கு முட்டுக்கட்டை, பேச்சுவார்த்தைக்கு முட்டுக்கட்டை. வகுப்பில் நானே, "படிக்கிறவனுக்கு முட்டுக்கட்டை போடாதே" என்று அவனைப் பலமுறை அதட்டியிருக்கிறேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கட்டையைத் தூக்கி அவன் கையில் கொடுத்தார். கனம் தாங்காமல் அவன் முன்னால் குனிந்தான்.

"சக்கரத்தில் திருச்சி பெல் நிறுவனம் செய்துகொடுத்த ஹைட்ராலிக் பிரேக் இருக்கிறதே, பிறகு இந்தக் கட்டை எதற்கு?" என்று நான்தான் கேட்டேன். படித்த கேள்வி. அவர் சொன்ன பதிலைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: "பிரேக் நிறுத்தும், சார். திருப்பாது."

தெற்குவீதி முனையில் அதைக் கண்ணால் பார்த்தோம். தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. முன்னால் வடத்தில் ஆயிரக்கணக்கானோர், பின்னால் தள்ளும் புல்டோசர்கள். இரண்டு விசைக்கும் நேராகப் போவது ஒன்றுதான் தெரியும். வலப்பக்கச் சக்கரத்தின் வழியில் கட்டை விழுகிறது, அந்தப் பக்கம் தயங்குகிறது, மறுபக்கம் முன்னேறுகிறது, தேரின் மூக்கு ஓரங்குலம் வலப்புறம் திரும்புகிறது. மறுபடி ஒரு கட்டை. மறுபடி ஓரங்குலம். கிரீஸ் தடவிய இரும்புத் தகடுகளின்மேல் சக்கரம் முனகிக்கொண்டு வழுக்குகிறது. நசுங்கும் கட்டையிலிருந்து கருகிய வாடையும் மெல்லிய புகையும் வந்தன. ஓடுகிற ஒன்பதடிச் சக்கரத்துக்கு முன்னால் குனிந்து, கட்டையை வைத்து, கையை உருவிக்கொள்ள அவர்களுக்குக் கிடைப்பது ஒரு மூச்சு நேரம். நகமில்லாத பெருவிரலுக்கு அப்போதுதான் எனக்குக் காரணம் தெரிந்தது. உராய்வு விசையைப் பத்தொன்பது ஆண்டுகளாகச் சைக்கிள் பிரேக்கை வைத்தே நடத்திவருகிற நான், அந்த முனையில் நின்று அதைப் புதிதாகப் படித்தேன்.

படித்துக்கொண்டிருந்தவன், பிள்ளைகளை எண்ண மறந்துவிட்டேன். தமிழாசிரியை எண்ணியபோது இருபத்திரண்டு.

கயிற்றின் கடைசி முடிச்சு வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஏழாம் வகுப்புப் பையன்தான். அந்த நேரத்தில் நான் கைப்பேசியை உயர்த்திக் குதிரையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். அதன்பின் நடந்தவற்றுக்கு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேச வேண்டும்.

முனையில் நின்ற பெண் காவலர் அவர்களே, "என்ன உடை?" என்று நீங்கள் கேட்டீர்கள். "நீலச் சட்டை" என்றேன். வீதி முழுக்க நீலச் சட்டைதான். நீங்கள் பொறுமையாக மறுபடி கேட்டதற்கு நான் குரலை உயர்த்தினேன். மன்னிக்க வேண்டும். நீங்கள் ஒலிபெருக்கியில் சொன்னதோடு நிற்காமல், மற்ற பிள்ளைகளை ஒரு வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து, தமிழாசிரியைக்குத் துணையாக ஒரு ஊர்க்காவல் படை வீரரையும் நிறுத்திவிட்டுப் போனீர்கள். மோர்ப்பந்தல் இளைஞர்கள் கரண்டியைப் போட்டுவிட்டு நான்கு பக்கமும் ஓடினார்கள். அதில் ஒருவர் எனக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து, "குடித்துவிட்டுத் தேடுங்கள், சார், நீங்கள் விழுந்தால் இரண்டு பேரைத் தேட வேண்டும்" என்றார். அப்போது எரிச்சலாக இருந்தது. சரியான பேச்சு.

தேரின் விலாப்பக்கம் போகவிடாமல் தடுத்த மின்வாரிய ஊழியர் ஒருவர், தேர் போவதற்காக அவிழ்த்துவிட்ட கம்பிகளை மீண்டும் கட்ட ஏணியோடு பின்னாலேயே வந்தவர், ஏணியில் இரண்டு படி ஏறிப் பார்த்து, "ஐந்தாவது வீட்டுத் திண்ணையில் ஒரு பையன் தூணோடு கட்டிக்கிடக்கிறானே, அவனா?" என்று கேட்டார்.

அவன்தான். நசுங்கித் தெறித்த முட்டுக்கட்டைத் துண்டு ஒன்றை எடுக்கச் சக்கரத்தடிக்கு ஓடியிருக்கிறான். அந்த நகமில்லாத விரல்காரர் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி, கூட்டத்தின் தலைக்கு மேலாகக் கடத்தி, அந்தத் திண்ணையில் இறக்கி, தன் காவித் துண்டால் மணிக்கட்டைத் தூணோடு கட்டிவிட்டு, அடுத்த கட்டைக்கு ஓடிவிட்டார். எல்லாம் ஒரே நிமிடத்தில் முடிந்தது என்று வீட்டுப் பாட்டி சொன்னார். பையன் அழவில்லை. வலக்கை கட்டுண்டு கிடந்ததால் பாட்டி ஊட்டிவிட, சர்க்கரைப் பொங்கல் தின்றுகொண்டிருந்தான். இடக்கையில் கட்டைத் துண்டு.

பாட்டி, நீங்கள் அவிழ்த்துவிட்டிருக்கலாம். "கட்டினவர் வரட்டும், இல்லை பெற்றவர் வரட்டும்" என்று காவல் இருந்தீர்கள். பெற்றவர் வரவில்லை, வாத்தியார் வந்தேன். என்னையும் நன்றாகத் திட்டினீர்கள். பிறகு இருபத்து மூன்று பேருக்கும் பொங்கல் போதாமல், உப்புமா கிளறினீர்கள். உங்கள் சின்ன வயதில் இந்தத் தேர் ஓடவே இல்லை, 1948-இல் நின்றது 1970-இல்தான் மறுபடி ஓடியது, இந்தத் திண்ணையில் உட்கார்ந்து அதைப் பார்த்தீர்கள் என்று நீங்கள் சொன்னபோது பிள்ளைகள் உப்புமாவை மறந்து கேட்டார்கள்.

மாலையில் வேனுக்குத் திரும்பும்போது வீதி வெறிச்சோடவில்லை, ஆனால் தூய்மைப் பணியாளர்கள் அதற்குள் வந்துவிட்டார்கள். மலைபோல் குவித்த ஒற்றைச் செருப்புகளுக்குள் எங்கள் ஆறாம் வகுப்புச் சிறுமியின் இடதுகால் செருப்பைத் தேடி எடுத்துக்கொடுத்த அம்மாவுக்கு நன்றி. அவளுக்கு இருப்பது அந்த ஒரு ஜோடிதான்.

அந்தக் கட்டைத் துண்டு இப்போது எங்கள் ஆய்வகக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. ஒரு முனை கருகி, நார் நாராகப் பிளந்து, கிரீஸ் ஊறிய துண்டு. பையன் தன் கையெழுத்தில் அட்டை எழுதி ஒட்டியிருக்கிறான்: 'முட்டுக்கட்டை. தேரைத் திருப்ப உதவுவது.' அவனை இனி எந்தச் சொல்லால் அதட்டுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

முட்டுக்கட்டைக்காரருக்கு ஒன்று. கூட்டத்தில் உங்களைத் தேடிப் பிடிக்க முடியவில்லை. தேர் அதற்குள் மேலவீதிப் பக்கம் போய்விட்டது. உங்கள் காவித் துண்டு எங்களிடமே தங்கிவிட்டது. துவைத்தோம், கிரீஸ் கறை போகவில்லை. அடுத்த பங்குனியில் தேர் வடம் பிடிப்பதற்கு முன்பு, அதே வலப்பக்கச் சக்கரத்தோரம் கொண்டுவருகிறோம். இந்த முறை கயிற்றின் கடைசி முடிச்சை நான் பிடித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நீலச் சட்டைப் பிள்ளைகளின் அறிவியல் வாத்தியார்