அதே 1934, மங்கை

அன்புள்ள மங்கைக்கு,

நாலு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. தப்புதான். திட்டுவதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொள், ஊருக்கு வந்ததும் மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். அவருக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, பேத்திக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, மாப்பிள்ளைக்கு எப்போதும்போல வேலை, வேலை. உன் பையன் கல்யாணப் பேச்சு என்ன ஆயிற்று? சரோஜா அந்த வரனைப் பற்றி ஏதோ சொன்னாளே, அதை நம்பாதே. அவள் செருப்பு விஷயத்திலேயே நமக்குத் தெரியாதா அவளை!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து பேசிவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை நானும் அவரும் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்கு டூர் பஸ்ஸில் போய்வந்தோம். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் லீவு கிடைக்கவில்லை, "நீங்களாவது போய் வாங்கம்மா" என்று டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். காலை ஆறு மணிக்கே பஸ். சின்ன பஸ்தான், இருபது பேர்கூட இல்லை. டிரைவரும் கைடும் ஒரே ஆள், ஐம்பது வயசு இருக்கும் ஒரு அம்மா, காதிலும் வாயிலும் மைக்கை மாட்டிக்கொண்டு வண்டியை ஓட்டியபடியே பேசிக்கொண்டு வந்தார். அவர் பேசிய இங்கிலீஷ் முதல் அரைமணி நேரம் எனக்குப் பிடிபடவில்லை, அப்புறம் காது பழகிவிட்டது.

பாலத்தைத் தாண்டியதும் அவர் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: "உங்களில் எத்தனை பேர் வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள்?" நான் கையைத் தூக்கினேன். இங்கே குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் அப்படியே குடிக்கலாம் என்று மாப்பிள்ளை சொல்லிச் சொல்லி, இப்போதுதான் பயம் தெளிந்து குடிக்கிறேன். அந்த அம்மா சிரித்துவிட்டு, "அப்படியானால் அந்தப் பூங்காவின் தண்ணீரை நீங்கள் அந்தப் பூங்காவுக்கே கொண்டுபோகிறீர்கள்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அப்புறம் விளக்கினார். யோசெமிட்டி பூங்காவுக்குள்ளேயே ஹெட்ச் ஹெட்சி என்று இன்னொரு பள்ளத்தாக்கு இருந்ததாம். நாங்கள் பார்க்கப் போகும் பள்ளத்தாக்கைப் போலவே இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, அருவிகள், நடுவில் புல்வெளி, புல்வெளி நடுவே டுவாலமி ஆறு. 1906-இல் நிலநடுக்கமும் தீயும் வந்து சான் பிரான்சிஸ்கோவின் பெரும்பகுதி அழிந்த பிறகு, நகரத்துக்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்ற பேச்சு வலுத்து, 1913-இல் சட்டம் போட்டு, 1923-இல் அணையைக் கட்டி முடித்து, அந்தப் பள்ளத்தாக்கை முழுக்கத் தண்ணீரில் மூழ்கடித்துவிட்டார்கள். அங்கிருந்து 270 கிலோமீட்டர் தூரம், பம்பே இல்லாமல், மலை இறக்கத்திலேயே குழாயிலும் சுரங்கத்திலும் ஓடி வந்து சேர்கிற தண்ணீர்தான் நான் பாட்டிலில் பிடித்தது. அந்தத் தண்ணீர் முதல்முதலாக இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது 1934 அக்டோபரில்.

1934 என்று அவர் சொன்னதும் எனக்கு உடம்பு ஒரு நிமிடம் சிலிர்த்தது மங்கை. உன் அம்மாயி எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள் அந்த வருஷத்தை! "முப்பத்தி நாலுல டேம் தொறந்தாங்க, அதுக்கு முன்னாடியே எங்கள ஊரவிட்டு எழுப்பிட்டாங்க" என்று. மேட்டூர் அணை திறந்தது 1934 ஆகஸ்டில். இரண்டே மாத வித்தியாசம்! பூமியின் இந்த மூலையிலும் அந்த மூலையிலும் ஒரே வருஷத்தில். நான் உடனே அவரைத் தட்டி எழுப்பிச் சொன்னேன். "ஆமாம், அப்போது உலகம் பூராவும் அணை கட்டினார்கள்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் தூங்கிப்போனார். அவர் தஞ்சாவூர்க்காரர், மேட்டூர்த் தண்ணீரில் விளைந்த நெல்லைச் சாப்பிட்டு வளர்ந்தவர், அவருக்கு அணை என்றால் பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கிற ஜூன் 12-ஆம் தேதிதான். நமக்கு அப்படியா?

வழியெல்லாம் எனக்கு இதே நினைப்புதான். ஆல்டமாண்ட் கணவாயில் வரிசை வரிசையாகக் காற்றாலைகள், அப்புறம் கண்ணுக்கெட்டிய தூரம் பாதாம் தோப்பு, ஓக்டேல் என்ற ஊரில் கைகால் நீட்ட நிறுத்தினார்கள். அதன்பிறகு மலை ஏற்றம், நம் ஏற்காட்டு வளைவுகள் மாதிரி, பின் சீட்டில் ஒரு பெண்ணுக்கு வாந்தியே வந்துவிட்டது. நீ எப்போதாவது வந்தால் முன்பக்க சீட்டாகப் பார்த்து உட்கார், இஞ்சி மொரப்பா கொண்டுவா. மேலே போனால் மைல் கணக்கில் கருகிய மரங்கள், 2013-இல் பிடித்த தீயில் இரண்டரை லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்து போயிற்றாம். கீழே பச்சையாகப் புதர் வந்திருக்கிறது, மரம் மட்டும் கம்பம் கம்பமாகக் கறுப்பாக நிற்கிறது.

பூங்கா வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் இடது பக்கம் ஒரு சாலை பிரிகிறது. ஹெட்ச் ஹெட்சி என்று பலகை. "அந்த வழியாகப் போனால் அணை, நம் பயணத்தில் அது இல்லை" என்று அந்த அம்மா ஒரே வரியில் சொல்லி முடிப்பதற்குள் பஸ் தாண்டிவிட்டது. நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன், மரங்களைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் இறங்கியபோது கேட்டேன், ஏன் அங்கே கூட்டிப் போவதில்லை என்று. 25 அடிக்கு மேல் நீளமான வண்டி அந்தச் சாலையில் போகக் கூடாதாம், பெரிய பஸ் எதுவும் போக முடியாது. யோசெமிட்டி பள்ளத்தாக்குக்கு வருகிற கூட்டத்தில் ரொம்பக் கொஞ்சம் பேர்தான் அந்தப் பக்கம் போவார்கள் என்றார்.

இப்போது யோசெமிட்டியைச் சொல்லாவிட்டால் நீ கோபிப்பாய். சொல்கிறேன். பஸ் முதலில் ஒரு மேட்டில் நிறுத்தியது, டனல் வியூ என்று பெயர். இறங்கி நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே பார்வையில். இடது பக்கம் எல் கேபிட்டன், ஒரே பாறை, தரையிலிருந்து 900 மீட்டர் செங்குத்தாக. வலது பக்கம் பிரைடல்வெயில் அருவி, காற்றடித்தால் அருவியே பக்கவாட்டில் பறக்கிறது. நடுவில் தூரத்தில் ஹாஃப் டோம், கத்தியால் பாதி அறுத்த கொழுக்கட்டை மாதிரி. அவர் முழங்கால் வலியை மறந்து கைப்பிடிச் சுவர்மேல் ஏறி நின்று போட்டோ எடுத்தார், அந்தப் போட்டோவைத் தனியாக அனுப்புகிறேன். பள்ளத்தாக்கில் மூன்றரை மணி நேரம்தான் விட்டார்கள், போக வர எட்டு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் உட்கார்ந்து, பார்ப்பதற்கு மூன்றரை மணி! அதிலும் ஒரு குடும்பம் இருபத்தைந்து நிமிடம் லேட்டாக வந்ததால், திரும்பும்போது செக்கோயா என்ற ராட்சத மரங்களைப் பார்க்க நிறுத்துவதாகச் சொன்னதை ரத்து செய்துவிட்டார்கள். அவ்வளவு தூரம் போய் அந்த மரத்தைத் தொட்டுப் பார்க்காமல் வந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

யோசெமிட்டி அருவிக்கு மட்டும் நடந்தோம். மூன்று அடுக்காக 739 மீட்டர், பனி உருகுகிற நேரம் என்பதால் பொங்கிக் கொட்டுகிறது. நூறடி தள்ளி நிற்கும்போதே புடவை நனைந்துவிட்டது. அங்கே நிற்கும்போதுதான் எனக்குத் தொண்டை அடைத்தது. இதைப் போலவே ஒன்று, பக்கத்திலேயே, தண்ணீருக்கு அடியில் இருக்கிறதே என்று. ஜான் மியூர் என்பவர் அதைக் காப்பாற்றப் பல வருஷம் போராடினாராம், கோயிலைத் தண்ணீர்த்தொட்டி ஆக்குவதும் இதுவும் ஒன்றுதான் என்று எழுதினாராம். 1913 டிசம்பரில் சட்டம் கையெழுத்தானது, அடுத்த வருஷம் டிசம்பரில் அவர் இறந்துபோனார். அந்தப் பக்கம் அணையைக் கட்டிய எஞ்சினியர் ஓஷாக்னஸியோ, தண்ணீர் நகரத்துக்கு வந்து சேருவதற்குச் சில நாள் முன்னால் இறந்துபோனார். அவரும் பார்க்கவில்லை.

கேட்டாயா மங்கை, எனக்கு இதில் ஒரு பக்கமாகப் பேச வரவில்லை. அந்தத் தண்ணீரைத்தான் என் பேத்தி குடிக்கிறாள். இருபது லட்சம் பேருக்கு மேல் குடிக்கிறார்கள். மேட்டூர் இல்லாவிட்டால் அவருடைய ஊர் என்ன ஆகியிருக்கும்? ஆனால் இங்கே நூறு வருஷமாக அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி வாதாடிக்கொண்டே இருக்கிறார்கள். 1987-இல் ஒரு மந்திரியே அணையை எடுத்துவிடலாமா என்று கேட்டார், 2012-இல் அதற்கான வழியை ஆராயலாமா என்று நகரத்தில் வாக்கெடுப்பே நடந்தது, நாலில் மூன்று பேருக்கு மேல் வேண்டாம் என்றார்கள். வேண்டாம் என்றாலும், கேட்டார்கள் இல்லையா? உன் அம்மாயி ஊருக்காக யார் வாதாடினார்கள், எதிர்த்து மனுக் கொடுத்தார்களா, எழுப்பிவிடும்போது என்ன கொடுத்தார்கள், எங்கே போகச் சொன்னார்கள், இதில் ஒன்றையாவது நாம் அவர்களிடம் உட்கார்ந்து கேட்டோமா? கல்லூரி இரண்டாம் வருஷக் கோடையில் மேட்டூர் அணைக் கரையிலுள்ள பண்ணவாடியில் பரிசலில் கூட்டிப்போனார்களே, தண்ணீர் வற்றி மூழ்கிய கோயிலின் நந்தி முழுசாக வெளியே தெரிந்ததே, தூரத்தில் அந்தப் பழைய தேவாலயத்தின் கோபுரங்கள் இரண்டும். நந்தியின் கொம்பிலிருந்த சேற்றை அம்மாயி முந்தானையால் துடைத்தார்கள். நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? சரோஜாவின் செருப்பைச் சேற்றில் தேடிச் சிரித்துக்கொண்டிருந்தோம். அம்மாயி ஒரு பக்கமாகக் கையைக் காட்டி ஏதோ சொன்னார்கள். "அங்கதான்" என்றது மட்டும் எனக்குக் காதில் இருக்கிறது. எது அங்கே? வீடா, கிணறா, களமா?

திரும்பும்போது அந்த அம்மா இன்னொன்று சொன்னார். யோசெமிட்டி பள்ளத்தாக்கிலும் பூர்வகுடிகள் இருந்தார்கள், 1851-இல் ஆயுதப் படை புகுந்து அவர்களை விரட்டியது. அவர்கள் தலைவர் தெனாயாவின் பேத்தி தொதூயா அப்போது சிறுமி. திரும்ப அந்தப் பள்ளத்தாக்கைப் பார்க்க வந்தபோது வருஷம் 1929, கிழவியாகிவிட்டார். எழுபத்தெட்டு வருஷம். பஸ்ஸில் யாரும் பேசவில்லை. நான் அவரிடம் அம்மாயி கதையை முதலிலிருந்து சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒருநாளும் சொன்னதில்லை என்பது சொல்லும்போதுதான் எனக்கே தெரிந்தது. அவர் ரொம்ப நேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஊர் பேர் என்ன சொன்ன?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பண்ணவாடி பரிசல் துறையின் பெயர்தான், அம்மாயி பிறந்த ஊர் அதற்கும் உள்ளே என்பது மட்டும் ஞாபகம். அந்தப் பெயர் என்ன மங்கை? உனக்குத் தெரியுமா? உன் பெரிய மாமா இன்னும் நினைவோடு இருக்கிறாரா? இருந்தால் இந்த வாரமே போய்க் கேள், தள்ளிப்போடாதே, நீ எதையும் தள்ளிப்போடுகிறவள்.

மாப்பிள்ளை அடுத்த மாதம் காரில் ஹெட்ச் ஹெட்சிக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். கார் போகலாம், பகலில் மட்டும் சாலை திறந்திருக்குமாம். அணை மேலேயே நடக்கவும் விடுவார்களாம்.

ஒன்று செய்கிறாயா? இந்த வருஷம் தண்ணீர் எப்படி இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் அணை நிரம்பாமல் இருந்தால், உன் பையனை வண்டி எடுக்கச் சொல்லி ஒருநாள் பண்ணவாடிக்குப் போய்ப் பார். நந்தி தெரிந்தால் போட்டோ எடுத்து அனுப்பு, கொம்பு மட்டும் தெரிந்தாலும் அனுப்பு. சரோஜாவையும் கூட்டிப்போ. செருப்பைக் கரையிலேயே விட்டுவிடச் சொல்.

அன்புடன்,
கமலா