அகத்திக்கு எவ்வளவு தூரம்?

போர்ட் பிளேர்
ஞாயிறு இரவு

அன்புள்ள மாணிக்கம்,

ஆறு மாதமாக எழுதாமல் இருந்துவிட்டேன், மன்னித்துக்கொள். இங்கே எல்லாரும் சௌக்கியம். கமலாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது.

உனக்கு நெஞ்சுவலி வந்ததும், ராத்திரியோடு ராத்திரியாக ஹெலிகாப்டரில் கொச்சிக்குக் கொண்டுபோனதும், ஒன்பது நாள் கழித்துப் பழனி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ராஜுவுக்குச் சொன்னால் என்ன என்று அவன் உன்னைக் கேட்டதற்கு, "சொன்னால் மட்டும் அந்தமானிலிருந்து எப்படி வருவான்?" என்றாயாமே! படுபாவி, அந்த ஒரு வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை.

எழுந்து அட்லஸை விரித்தேன். லட்சத்தீவில் இருக்கிற உன் அகத்தித் தீவும், அந்தமானில் இருக்கிற என் தீவும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில்தான் இருக்கின்றன. நேராகப் பறந்தால் சுமார் 2,240 கிலோமீட்டர். ஜெட் விமானத்துக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவே. ஆனால் இங்கே வருகிற பெரிய ஏர்பஸ் விமானம் அகத்தியில் இறங்க முடியாது, உங்கள் ஓடுபாதை 1,200 மீட்டர்தான். அங்கே இறங்குகிற ஏடிஆர் என்கிற சின்ன விமானம், ஆட்களை நிரப்பிக்கொண்டு இவ்வளவு தூரம் ஒரே மூச்சில் வராது. ஆகவே நேர்வழி கிடையாது.

சரி, சுற்றுவழி எவ்வளவு? சென்னைக்கு 1,370, அங்கிருந்து கொச்சிக்கு 520, கொச்சியிலிருந்து உன்னிடம் 460. கூட்டிப் பார்த்து மலைத்துப்போனேன். 2,350தான்! நேர்வழியைவிட 110 கிலோமீட்டர்தான் கூடுதல், இங்கிருந்து பாராடாங் தீவுக்குப் போகிற தூரம். வானத்தில் இருப்பது மொத்தமே ஐந்து மணி நேரம். மீதியெல்லாம் காத்திருப்பு. ஒரு விமானம் இறங்கும் நேரமும் அடுத்தது கிளம்பும் நேரமும் பொருந்தாததால் நடுவில் ஓர் இரவு கொச்சியில் தங்கியாக வேண்டும். அப்படியும் மறுநாள் உன் கட்டிலருகே உட்கார்ந்திருப்பேன். நான் முதன்முதலில் இங்கே வந்தபோது சென்னையிலிருந்து கப்பலில் மூன்று நாள் ஆனது. துறைமுகத்தில் அழுதுகொண்டு நின்றவன் நீதானே? அதைவிடவா இது தூரம்?

உண்மையில் என்னை வருத்துவது வேறு. ஒரே கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாழ்கிறோம், ஆனால் எனக்கு விடிந்து சுமார் எண்பது நிமிடம் கழித்துத்தான் உனக்கு விடிகிறது. இப்போதெல்லாம் காலையில் காப்பி குடிக்கும்போது, அவன் இன்னும் இருட்டில் படுத்திருக்கிறான், நன்றாகத் தூங்குகிறானா என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஜனவரியில் வருகிறேன். சென்னை வரைக்கும் டிக்கெட் எடுத்துவிட்டேன். உன் தீவுக்குள் நுழைய அனுமதி வேண்டும், அதற்கு அங்கேயே இருக்கிற ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்கிறார்கள். இழுக்காமல் இந்த வாரமே அதற்கான காகிதங்களை அனுப்பு. ஏடிஆரில் அதிகச் சுமை ஏற்றமாட்டார்கள். மரகதத்துக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் எழுது. மாத்திரையை ஒரு வேளைகூட விடாதே.

உன்
ராஜு