பதினாலு முக்கால் பத்தரை

அப்பாவுக்கு,

இங்கே மும்பையில் செட்டா நகர் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு இப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்தேன். தைப்பூசக் கூட்டம், உங்களுக்குத் தெரியாததா. வரிசை நகரவே இல்லை. நின்றபடியே கணக்குப் பார்த்தேன். அந்தத் தைப்பூசம் 2020, சனிக்கிழமை. இது 2026, ஞாயிற்றுக்கிழமை. ஆறு வருடம். இடையில் நாம் இருவரும் போனில் பேசியதை எல்லாம் ஒட்டிப் போட்டாலும், நீங்கள் பாப்பாவோடு சிவ்ரிக்குப் போய்வரும் ஒரு காலை நேரத்துக்கு வராது. "சாப்பிட்டியாம்மா." "சாப்பிட்டேன்பா." "அங்க மழையா." "இல்லப்பா." அப்புறம் போனைப் பாப்பாவிடம் கொடுக்கச் சொல்வீர்கள்.

அண்ணன் மகன் இந்த வலைப்பூவை உங்களுக்கு வாசித்துக் காட்டுகிறான் என்று தெரியும். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நேரில் வராத வாய் இங்கே கொஞ்சம் வருகிறது. வேறு யார் யார் படிக்கிறார்கள் என்பதும் தெரியும். ஆகவே சில இடங்களில் நாக்கைக் கடித்துக்கொண்டு தாண்டிப் போவேன். நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

அன்றைக்கு வாசலில் நான் பேசியதைத் திரும்ப எழுதப் போவதில்லை. ஒரு வார்த்தை விடாமல் உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கும்தான். உள்ளே இவர் என்ன சொன்னார் என்பதையும் எழுதவில்லை. என் மாமியாரும் இதைப் படிக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நவி மும்பையில் ஒரு கல்யாணம். டாக்ஸியில் அடல் சேது கடல் பாலம் வழியாகப் போனோம். நீங்கள் இங்கே இருந்தபோது கடலுக்குள் தூண்கள்தான் நின்றுகொண்டிருந்தன. 2024 ஜனவரியில் திறந்தார்கள், 21.8 கிலோமீட்டர். ஏறும் இடம் சிவ்ரி. பறவைகளுக்குச் சத்தம் போகக் கூடாது என்று அந்தச் சேற்றுப் பகுதியில் ஓரத்தில் தடுப்புப் பலகை வைத்திருக்கிறார்கள். பாப்பா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். ஒரு பூநாரையும் கண்ணில் படவில்லை. (பாப்பா என்று எழுதாதே என்கிறாள். பதின்மூன்று வயது. உங்களுக்கு எழுதும்போது வேறு எப்படி எழுதுவது?) பாலத்தின் நடுவில், யாரும் கேட்காமலே சொன்னாள்:

"அன்னைக்குத் தாத்தா போலாம்னுதான் சொன்னாங்க. நான்தான் மாட்டேன்னேன்."

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை.

அப்பா, அன்று உங்களைப் பத்து மணிக்குள் வரச் சொல்லியிருந்தேன். பதினொரு மணிக்குக் கோயில். இவர் வீட்டு ஆட்கள் எட்டுப் பேர் பட்டுப்புடவையும் வேட்டியுமாகக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பத்தரை, பதினொன்று, பன்னிரண்டு. உங்கள் போன் அணைந்திருந்தது. ஒன்றரைக்கு வந்தீர்கள். பாப்பாவின் காலில் முட்டி வரை காய்ந்த சேறு, ஒரு காலில் ஷூ இல்லை. உங்கள் சட்டை ஈரமாக இருந்தது. ஏழு வயதுக் குழந்தையோடு நீங்களும் தண்ணீரில் விளையாடிவிட்டு, தொந்தரவு செய்யக் கூடாது என்று போனையும் அணைத்துவிட்டீர்கள் என்று நானாகவே முடிவு கட்டினேன். "என்னாச்சு" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு பெண்ணுக்குக் கேள்வி வராது, சத்தம்தான் வரும்.

நடந்ததைப் பாலத்து மேலே வைத்து அவள் எனக்குச் சொன்னாள். நீங்கள் அங்கே இருந்தீர்கள், உங்களுக்குத் தெரியும். ஆனால் ஏழு வயதுக் கண்ணால் அது எப்படித் தெரிந்தது என்பது உங்களுக்குத் தெரியாது இல்லையா? அதை மட்டும் எழுதுகிறேன்.

காலையில் நாள்காட்டித் தாளைக் கிழித்து அவள் கையில் கொடுத்திருக்கிறீர்கள். பௌர்ணமி மாலையில்தான் தொடங்குகிறது, காலையில் சதுர்த்தசி. "பதினாலு முக்கால்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஹார்பர் லைன் ரயிலில் குர்லா தாண்டும்போது விரல் விட்டுக் கண்டுபிடித்தாளாம்: பத்தரை. பத்தரைவாக்கில் நிறை பர்தி. (படிக்கும் மற்றவர்களுக்கு: மும்பைக் கடலோரத்தில் கோலி மீனவர்கள் கையில் இருக்கும் கணக்கு இது. அமாவாசையிலிருந்தோ பௌர்ணமியிலிருந்தோ எத்தனையாவது திதி என்று எண்ணி முக்காலால் பெருக்கினால் பர்தி, அதாவது கடல் நிறையும் மணி. அரை முக்கால் மணி நேரம் முன்னே பின்னே இருக்கும். அஷ்டமி என்றால் எட்டு முக்கால் ஆறு, காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் பர்தி. அதிலிருந்து ஆறு மணி நேரம் தள்ளி ஓஹோட்டி, அதாவது வற்றம். துறைமுகத்தில் டாக்கின் கதவு பர்தியைப் பார்த்துத்தான் திறக்கும் என்பதால் என் அப்பாவுக்கு இது தொழில். முக்கால் வாய்ப்பாடோ அவருக்கு நாங்குநேரிப் பக்கத்துத் திண்ணையிலேயே வந்துவிட்டது. கடலே பார்க்காத ஊரின் வாய்ப்பாட்டை வைத்துக்கொண்டு முப்பத்திரண்டு வருடம் கடலை அளந்தார்.)

ஏழரைக்குச் சிவ்ரி படகு ஜெட்டியில் இருந்திருக்கிறீர்கள். தண்ணீர் தூரத்தில். பூநாரைகள் அதற்கும் தூரத்தில், ரோஸ் நிறக் கோடு மாதிரி. "அது கிட்ட வராது, நாம கிட்ட போக வேண்டாம், தண்ணி கூட்டிட்டு வரும்" என்றீர்களாம். இந்த வரியை அவள் உங்கள் குரலிலேயே சொன்னாள், கடைசியில் அந்த ஒரு இருமலோடு. பர்தி ஏற ஏறப் பறவைகள் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டே வந்தன. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்து மேய்வதைக் காட்டி, "ஆச்சி அரிசி அரிப்பாளே, அதேதான். தண்ணியும் சேறும் வெளியே, தீனி உள்ளே" என்றீர்களாம். சாம்பல் நிறத்தில் நின்றதெல்லாம் இளம்பறவை, பாசியைத் தின்னத் தின்னத்தான் சிவப்பு ஏறும் என்றீர்களாம். எட்டாம் வகுப்பு அறிவியலில் இவளுக்கு எது தங்கியிருக்கிறதோ இல்லையோ, இது தங்கியிருக்கிறது.

எட்டரை மணி இருக்கும். ஜெட்டிக்குக் கீழே சேற்றில் ஒரு இறகு. நீங்கள் படகுக்காரரோடு பேசத் திரும்பிய நேரம் இறங்கிவிட்டாள். இரண்டாவது அடியில் முட்டி வரை உள்ளே போய்விட்டது.

அவள் அழவில்லையாம். "தாத்தா ஓடி வரல, அதான் பயம் வரல" என்றாள். நீங்கள் ஓடவில்லை. சட்டைப்பையில் போன் இருந்தது மறந்து, சேற்றில் குப்புறப் படுத்தீர்கள். எழுபத்தொரு வயதில். படுத்தபடி ஊர்ந்து வந்து, அவளையும் பின்னால் சாயச் சொல்லி, "இழுக்காதே, குதிகாலை மட்டும் மெல்ல ஆட்டு" என்றீர்கள். பழுது பார்க்கக் கிடந்த படகிலிருந்து இரண்டு பேர் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கால் வந்துவிட்டது. ஷூ வரவில்லை. அப்போது அவள் தண்ணீரைப் பார்த்து, "தாத்தா, கிட்ட வந்துடுச்சு" என்றாளாம். நீங்கள் சொன்னது: "பத்தரைக்குத்தான். இன்னும் நேரம் கிடக்கு."

இந்த இடத்தில் டாக்ஸிக்குள் எனக்குக் கை நடுங்கியது. எங்கே போகிறோம் என்பதே மறந்துவிட்டது.

படகுக்காரர்களின் டிரம்மில் தண்ணீர் மொண்டு சட்டையை அலசினீர்கள். போன் செத்துவிட்டது. "வீட்டுக்குப் போலாம், அம்மா தேடுவா" என்றீர்கள். அவள்தான் தூணைப் பிடித்துக்கொண்டு, பறவை பறக்கும்வரை வர மாட்டேன் என்று அடம் பிடித்திருக்கிறாள். நிறை பர்தியில் நிற்க இடமில்லாமல் மொத்தமாகக் கிளம்பினவாம். இறக்கைக்கு அடியில் கறுப்பும் சிவப்புமாக, வானம் புரண்ட மாதிரி. அப்புறம் ஒற்றை ஷூவோடு அவளால் நடக்க முடியாமல், ஸ்டேஷன் வரை லாரிகளுக்கு நடுவே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

இதில் ஒரு வரியாவது அன்று என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?

குழந்தை திட்டு வாங்கக் கூடாது என்று நீங்கள் வாயை மூடிக்கொண்டீர்கள். தாத்தா திட்டு வாங்கியதைப் பார்த்து அவளும் மூடிக்கொண்டாள். நடுவில் ஆறு வருடம் நான் மட்டும் ராட்சசியாக இருந்தேன். குழாயடியில் உட்கார்ந்து அவள் கால் விரல்களை ஒவ்வொன்றாகக் கழுவிவிட்டீர்கள், எழுந்தீர்கள், உங்கள் அறைக்குப் போனீர்கள். அந்தப் பேசாமை எனக்குப் புதிதில்லை. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து நீங்கள் பேசாமல் சாப்பிடும் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவள் நான்.

தப்பு என்னுடையது, சரி. ஆனால் முழுக்க என்னுடையது என்று எழுத மாட்டேன். பௌர்ணமியை ஒட்டிய நாள், மற்ற நாளைவிட நீர் அதிகமாக ஏறும். அது உங்களுக்குத்தான் தெரியும். அந்தப் பலகைக்காரர்கள் அன்று லீவில் இருந்திருந்தால்? கணக்குத் தெரிந்தவர் ஒரு நிமிஷம் முதுகைக் காட்டினார், அவ்வளவுதான் நடந்தது. இன்று என் மகள் அப்படி இறங்கினாலும் நான் கத்தத்தான் கத்துவேன். "இனிமே என் பிள்ளையை எங்கேயும் கூட்டிட்டுப் போகாதீங்க" என்ற அந்தக் கடைசி வரியை மட்டும் சொல்லியிருக்க மாட்டேன். எழுத மாட்டேன் என்றேன், எழுதிவிட்டேன்.

'என் பிள்ளை' என்று சொன்னேனே, அது எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். வடாலா குவார்ட்டர்ஸிலிருந்து சிவ்ரி ஒரே ஸ்டேஷன். பதினெட்டு வருடம் அந்த வீட்டில் இருந்தேன். கடல் எனக்கு உங்கள் யூனிஃபார்ம் சட்டையின் வாடை, அவ்வளவுதான். அண்ணனை ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்குக்குக் கூட்டிப் போனீர்கள். நானும் வருகிறேன் என்றதற்கு, "பொம்பளப் பிள்ளைக்கு அங்க என்ன வேலை" என்றீர்கள். (அண்ணா, கோபித்துக்கொள்ளாதே. உன் மேல் ஒன்றுமில்லை.) அதே மனிதர், அம்மா போன பிறகு என் வீட்டுக்கு வந்து, என் பெண்ணுக்கு, அதுவும் பொம்பளப் பிள்ளைக்கு, சனிக்கிழமை தோறும் வாய்ப்பாடும் கடலும் காட்டுகிறார். எனக்கு என்ன தோன்றியிருக்கும்? அதற்கு மேல் இங்கே வேண்டாம்.

மார்ச் முதல் வாரம் கோயில் கொடை என்று ஊருக்குப் போனீர்கள். இருபது நாளில் ஊரடங்கு. அந்த ஏப்ரலில் நவி மும்பைச் சதுப்புகளில் பூநாரைகள் குவிந்து கிடப்பதை டிவியில் காட்டிக்கொண்டே இருந்தார்கள். பாப்பா திரைக்கு முன்னால் நின்று, "இன்னைக்கு என்ன திதி" என்று கேட்டாள். நான் டிவியை அணைத்தேன். ரயில் ஓட ஆரம்பித்த பிறகும் நீங்கள் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. கொரோனா இரண்டு பேருக்கும் வசதியாகப் போய்விட்டது. 2024 மே மாதம் காட்கோபரில் விமானத்தில் மோதி முப்பதுக்கும் மேற்பட்ட பூநாரைகள் செத்து விழுந்தபோது, இரவு பதினொன்றரைக்கு உங்களைக் கூப்பிட வேண்டும் என்று அழுதாள். தாத்தா தூங்கியிருப்பார் என்றேன். நீங்கள் தூங்கியிருக்க மாட்டீர்கள். தெரிந்துதான் சொன்னேன்.

சரி, முடிவைச் சொல்கிறேன். மே மாதம் பள்ளி விடுமுறையில் பாப்பாவைத் தாதரில் திருநெல்வேலி ரயிலேற்றிக் கூட்டி வருகிறேன். நான் நாலு நாளில் திரும்பிவிடுவேன், அவள் ஒரு மாதம் உங்களோடு இருப்பாள். கூந்தன்குளத்தில் அப்போது கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் குஞ்சுகளோடு இருக்கும், வீட்டு வாசல் மரத்தில்கூடக் கூடு கட்டும் என்று நீங்கள்தான் போனில் ஆசை காட்டியிருக்கிறீர்கள். விழுந்த குஞ்சை ஊர்க்காரர்கள் எடுத்து வளர்க்கும் கதையை அவள் எனக்கு நாலு தடவை சொல்லிவிட்டாள். இவரிடம் பேசியாயிற்று. என்ன பேசினேன் என்பது வேண்டாம், சம்மதம்.

முதல் நாள் நானும் வருவேன். அழைத்தால்.

இன்று வரிசையில் நிற்கும்போது என்னை அறியாமலே போட்டேன்: பௌர்ணமி, பதினஞ்சு முக்கால் பதினொன்றேகால். மணி பார்த்தேன், பதினொன்று இருபது. சிவ்ரியில் இந்நேரம் பறவைகள் எழும்பியிருக்கும்.

மேயில் போகும் நாளுக்கு என்ன திதி என்று இவள் இப்போதே பார்த்து வைத்திருக்கிறாள். குளத்தில் ஏது பர்தி என்றேன். "தாத்தாகிட்ட கேட்டுக்கிறேன்" என்கிறாள்.

அப்புறம் அப்பா, குளத்துப்பக்கம் போகும்போது போனை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள்.