கிழித்த தாள்

அன்புள்ள தம்பி,

குடியை விடுகிறவர்கள் தங்கள் தப்புகளை எழுதி இன்னொருவரிடம் படித்துக் காட்டும் நோட்டைப் பற்றி, வெள்ளிக்கிழமை கம்பம்மெட்டு டீக்கடையில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. ஜீப்பில் ஆட்கள் காத்திருந்தார்கள். "நோட்டு எழுதி முடிச்சாச்சுண்ணே, அம்மன் முன்னாடி எல்லாத்தையும் சொல்லியும் ஆச்சு. இன்னொரு மனுசன்கிட்ட வேற எதுக்குப் படிச்சுக் காட்டணும்?" என்றாய். நோட்டை விரித்துக் காட்டியபோது நடுவில் ஒரு தாள் கிழித்த பிசிறு தெரிந்தது. அப்போது ஒன்றும் கேட்கவில்லை.

நானும் முதலில் அம்மனிடம்தான் சொன்னேன். வீரபாண்டி கௌமாரிக்கு இரண்டு சித்திரை தீச்சட்டி எடுத்தேன். இரண்டாவது வருஷம் சட்டியை இறக்கிய அன்று ராத்திரியே குடித்தேன். அம்மன்மேல் குறையில்லை. அவள் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை, எனக்கு அது வசதியாக இருந்தது.

கை நடுக்கத்துக்கு ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்து, அப்புறம் குடியை விடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குப் போனபோது, அங்கே ஒரு பெரியவர் எனக்கு ஸ்பான்சர், அதாவது முன்னாலேயே குடியை விட்டு வழிகாட்டுகிறவர், ஆனார். நோட்டில் நாலு கட்டம் கோடு போடச் சொன்னார். யார்மேல் கோபம், என்ன காரணம், அதில் எனக்கு எது அடிபட்டது, கடைசியாக என் பங்கு என்ன. முதல் மூன்றும் இரண்டே ராத்திரியில் நிரம்பிவிட்டன. அப்பா, மச்சினன், ஜீப் முதலாளி, தோட்டத்துக் கங்காணி, ஒருத்தரையும் விடவில்லை. நாலாவதில் குடித்த கதைகளை எழுதினேன். ஒன்றாம் தேதி கேரளாவில் கடை கிடையாது, அதனால் முந்தின நாளே வாங்கி ஒளித்து வைத்தது. திருவள்ளுவர் தினத்தில் கம்பத்தில் மூடிவிடுவார்கள் என்று குமுளிக்கு ஏறியது. எல்லையில் குடிக்கிறவனுக்கு இரண்டு மாநிலக் காலண்டரும் மனப்பாடம், உனக்குத் தெரியாததா! பெரியவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "குடிச்சது ஊருக்கே தெரியும். குடிச்சிட்டு என்ன பண்ணுனே?" என்றார்.

திரும்பப் போய் எழுதினேன். படித்துக் காட்டிய அன்று அவர் வீட்டு முற்றத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. அவர் காலால் கிளறிக்கொண்டே கேட்டார். ஒரு இடம் வந்ததும் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினேன். அவர் நிமிரவேயில்லை. "ஒரு தாள் ஒட்டிக்கிட்டு வந்திருச்சு போல" என்றார்.

அந்தத் தாளில் இருந்தது இதுதான். ஒரு டிசம்பர், ஏலக்காய் எடுப்பு மும்முரம். விடியற்காலையில் முந்தின ராத்திரி மிச்சத்தை ஊற்றிக்கொண்டு, பதினோரு பெண்களை ஏற்றி மெட்டு ஏறினேன். வளைவில் கியர் மாற்றும்போது கால் தடுமாறி, வண்டி பின்னால் உருண்டு சுவரில் இடித்து நின்றது. ஒரு அக்காவுக்கு மணிக்கட்டு முறிந்தது. "பிரேக் புடிக்கல" என்றேன். முந்தின வாரம் பிரேக் வேலை பார்த்த மெக்கானிக் பையனை முதலாளி அன்றைக்கே போகச் சொன்னார். அவன் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்தபடி என்னையே பார்த்தான். நான் டயரைப் பார்த்தேன்.

பிரேக் பிடிக்கவில்லை என்று பல பேரிடம் சொல்லிச் சொல்லி எனக்கே அது பாதி உண்மையாகிவிட்டது. அம்மனிடம் வேண்டியபோதுகூட அந்த விபத்தை "பிரேக் போன அன்னைக்கு" என்றுதான் நினைத்தேன். முற்றத்தில் என் வாயால் படித்தபோதுதான் என் காதிலேயே அது பொய்யாக விழுந்தது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. கட்டஞ்சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு, தன் கதை ஒன்றைச் சொன்னார். அதை எழுத எனக்கு உரிமை கிடையாது. என்னுடையதைவிட மோசம்.

ஏ.ஏ.வைத் தொடங்கிய இரண்டு பேரில் ஒருவரான டாக்டர் பாப், அமெரிக்காவில் ஆக்ரன் ஊர்க்காரர், ஆபரேஷன் செய்கிறவர். தொழில் போய்விடும் என்று பயந்து வெளியே வாய் திறக்காமலே இருந்தார். குடியை விட்டு, நடுவில் ஒரு தடவை திரும்பவும் அதில் விழுந்தார். அவருடைய கடைசிக் குடி 1935 ஜூன் 10 என்று சொல்வார்கள், ஏ.ஏ.வின் பிறந்த நாளும் அதுதான். யார் யாருக்குப் பயந்தாரோ அவர்களையே தேடிப்போய் உண்மையைச் சொல்லிவிட்டு, நடு ராத்திரிக்குத்தான் வீடு திரும்பினாராம். 1950இல் சாகும்வரை தொடவில்லை. டாக்டருக்கே அந்தப் பயம் என்றால் ஜீப் டிரைவர் நமக்கென்ன.

மெக்கானிக்கைத் தேடிப்போக எனக்கு இன்னும் எட்டு மாதம் ஆனது. கட்டப்பனையில் சொந்தமாக ஷெட் போட்டிருந்தான். சொன்னேன். "தெரியும்ணே" என்றான். உட்காரச் சொல்லவில்லை. முதலாளி ஒரு மாதம் வண்டி தரவில்லை. அந்த அக்காவுக்கு விட்டுப்போன கூலியைத் தவணையில் கொடுத்து முடித்தேன். நாலு வருஷமாக அந்த ஷெட் இருந்த தெருவைச் சுற்றிக்கொண்டு போனவன், இப்போது அது வழியாகவே போகிறேன். என் வண்டிக்குப் பிரேக் இன்றைக்கும் அந்தப் பையனிடம்தான். கூலியில் ஒரு ரூபாய் குறைக்கமாட்டான்.

யாரிடம் படிப்பது என்பது உன் இஷ்டம். டாக்டராக இருக்கலாம், பங்குச் சாமியாராகவும் இருக்கலாம். ஸ்டாண்டு ஆட்கள் வேண்டாம், சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். உன் வீட்டுக்காரியிடமும் முதலில் கொட்டாதே, நீ இறக்கி வைப்பதை அவள் சுமக்க வேண்டிவரும்.

என்னிடம்தான் என்றால், ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் எனக்கு ட்ரிப் இல்லை. வீட்டுக்கு வா. கிழித்த தாள் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு வா, இல்லையென்றால் இங்கே வந்து எழுதிக்கொள்ளலாம், பேனா இருக்கிறது.

அண்ணன்