மிரியாம் என்று பெயர் வைக்கவிருக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

உன் மகளுக்கு மிரியாம் என்று பெயர் வைக்க நீயும் மாப்பிள்ளையும் முடிவு செய்திருப்பதையும், அந்தப் பெயருக்குக் 'கசப்பு' என்று பொருள் என யாரோ சொல்லக் கேட்டு உன் மாமியார் மனம் கலங்கியிருப்பதையும் எழுதியிருந்தாய். பெயரை மாற்றிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறாய். மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால், "அதெல்லாம் ஒன்றுமில்லை, அத்தை" என்று சொல்லிப் பெரியவர்களின் வாயை அடைப்பது முறையன்று. அவர்கள் கேட்டிருப்பது நியாயமான கேள்வி. இதே தயக்கம் வேறு வீடுகளிலும் இருக்கும் என்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

எபிரேயத்தில் இந்தப் பெயர் மேம், ரேஷ், யோத், மேம் என்னும் நான்கு எழுத்துகளால் எழுதப்படுகிறது. முதல் இரண்டை மட்டும் பிரித்தெடுத்தால் 'மர்', அதாவது கசப்பு. கணவனையும் பிள்ளைகளையும் இழந்து பெத்லகேமுக்குத் திரும்பிய நகோமி, இனி என்னை மாராள் என்று அழையுங்கள் என்று சொன்னதும் இந்தச் சொல்லைக் கொண்டுதான். எகிப்தியர் இஸ்ரவேலரின் வாழ்வைக் கசப்பாக்கினார்கள் என்று வேதாகமத்தின் யாத்திராகம நூலின் முதல் அதிகாரம் கூறுவதும் இதே வேரிலிருந்துதான். இந்த இரண்டையும் இணைத்து, அடிமைத்தனம் கொடுமையான காலத்தில் பிறந்ததால், இஸ்ரவேலரை எகிப்திலிருந்து நடத்திவந்த மோசேயின் அக்காளுக்கு மிரியாம் என்று பெயரிட்டார்கள் எனப் பழைய யூத குருமார் விளக்கம் சொன்னார்கள். உன் மாமியார் காதில் விழுந்தது அந்த விளக்கத்தின் எச்சம்.

அது வேதத்தில் உள்ள விளக்கம் அன்று என்பதை அவர்களிடம் பக்குவமாக எடுத்துச் சொல். பெயருக்குக் காரணம் சொல்வதில் எபிரேய வேதம் சலிப்பதே இல்லை. ஈசாக்குக்குச் சிரிப்பு, யாக்கோபுக்குக் குதிகால், மோசேக்குத் தண்ணீரிலிருந்து எடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் அங்கேயே இருக்கிறது. மிரியாமுக்கோ ஒரு வரி விளக்கமும் இல்லை. அந்த வெற்றிடத்தைத்தான் பின்வந்தவர்கள் தத்தம் ஊகத்தால் நிரப்பினார்கள். 'மெரி' என்னும் எபிரேயச் சொல்லிலிருந்து 'கலகம்' என்றவர்கள் உண்டு. பருத்தல் என்னும் வினையிலிருந்து செழிப்பும் அழகும் உள்ளவள் என்றவர்கள் உண்டு. உயரத்தைக் குறிக்கும் சொல்லோடு இணைத்தவர்களும், கொடையாக வந்தவள் என்றவர்களும் உண்டு. 1895இல் ஜெர்மானிய இறையியல் அறிஞர் ஓட்டோ பார்டன்ஹேவர் இந்த ஒரே பெயருக்குச் சொல்லப்பட்ட விளக்கங்களின் வரலாற்றைத் தனி நூலாகவே எழுதினார். குழந்தைப் பெயர்ப் பட்டியல்களில் ஒரே சொல்லில் பொருள் அச்சிடப்படுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நூல்தான் நினைவுக்கு வரும்.

எனக்கு மனம் ஒப்புவது எகிப்திய விளக்கம். எகிப்திய மொழியில் 'மெரி' என்றால் அன்புக்குரிய என்று பொருள். இரண்டாம் ராம்செஸின் மகள் மெரித்தாமுன், அதாவது ஆமுன் தெய்வத்துக்கு அன்பானவள். அவன் மகன் மெர்நெப்தா, அதாவது ப்தா தெய்வத்துக்கு அன்பானவன். மோசேயின் குலமான லேவியர் குடும்பத்தில் எகிப்தியப் பெயர்கள் வேறு பலவும் இருக்கின்றன என்பது இதற்கு வலுச் சேர்க்கிறது. மோசே என்பதைப் 'பிறந்தவன்' என்னும் எகிப்தியச் சொல்லோடும், மோசேயின் அண்ணன் ஆரோனுடைய பேரனின் பெயரான பினெகாஸ் என்பதைத் 'தெற்கு நாட்டவன்' என்னும் சொல்லோடும் இணைப்பதை அறிஞர் பலர் ஏற்கிறார்கள். தம்பியின் பெயர் எகிப்தியப் பெயரானால் அக்காளின் பெயரும் அப்படி இருப்பதில் வியப்பில்லை. ஆயினும் இறுதியில் வரும் 'ஆம்' ஒலிக்கு இந்த விளக்கத்தில் தெளிவான விடை கிடைப்பதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

ஊகங்களிலேயே புகழ்பெற்றது நான்காம் நூற்றாண்டின் இறுதியில், வேதத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் எழுதியது. அவர் பெயரை 'மர்', 'யாம்' என்று இரண்டாகப் பிரித்தார். 'மர்' என்பதற்குத் துளி என்றும் ஒரு பொருள் உண்டு. ஏசாயாவின் நாற்பதாம் அதிகாரத்தில், மக்களினங்கள் வாளியில் தொங்கும் துளியைப் போன்றவை என்ற இடத்தில் வருவது அந்தச் சொல். 'யாம்' என்றால் கடல். ஆக, கடலின் துளி. லத்தீனில் 'ஸ்டில்லா மாரிஸ்'. கையெழுத்துப் படிகளில் ஓர் எழுத்து மாறி அது 'ஸ்டெல்லா மாரிஸ்', அதாவது கடலின் விண்மீன் ஆயிற்று என்பது அறிஞர் பலரின் முடிவு. துளி விண்மீனான பிறகு, இதே பெயர் கொண்ட இயேசுவின் தாய் மாலுமிகளுக்கு வழிகாட்டும் அன்னை என்ற பக்தியே அதைச் சுற்றி வளர்ந்தது. 1947இல் சென்னையில் தொடங்கிய கல்லூரிக்கும் அந்தப் பெயர்தான். கதீட்ரல் சாலையில் பேருந்திலிருந்து இறங்கும் மாணவிகளில் எத்தனை பேருக்கு இந்தத் துளியின் கதை தெரியுமோ!

வேதத்தில் மிரியாம் தோன்றும் இடங்கள் சிலவே. செங்கடலைக் கடந்தபின் தம்புரு என்னும் கைமேளத்தை எடுத்து, பெண்களையெல்லாம் நடனத்தோடு அழைத்துச் சென்றவள் அவள். அந்த இடத்திலேயே அவளைத் தீர்க்கதரிசி என்று யாத்திராகமம் அழைக்கிறது. நாணலுக்குள் இருந்த குழந்தை மோசேயைத் தூரத்தில் நின்று காத்த அக்காளும் அவளே என்று கொள்வது மரபு, ஆனால் அந்தப் பகுதியில் அக்காளின் பெயர் சொல்லப்படவில்லை. மோசேக்கு எதிராகப் பேசியதால் தொழுநோய் கண்டு ஏழு நாள் பாளயத்துக்கு வெளியே இருந்தாள் என்பதை உன் மாமியார் நினைவூட்டக்கூடும். அவள் திரும்பிச் சேர்க்கப்படும்வரை மக்கள் பயணம் புறப்படவில்லை என்று அதே பகுதியில் இருப்பதை நீ நினைவூட்டு. மீகா தீர்க்கதரிசியோ மோசே, ஆரோன், மிரியாம் மூவரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறார்.

கசப்புக்கு மாறான ஒரு மரபும் யூதரிடமே இருக்கிறது. காதேசில் மிரியாம் இறந்து அடக்கம் செய்யப்பட்டாள் என்று எண்ணாகமம் சொன்ன அடுத்த வரியிலேயே, மக்களுக்குத் தண்ணீர் இல்லாமற்போயிற்று என்று வருகிறது. இந்த இரண்டு வரிகளையும் சேர்த்துப் படித்த தல்மூத் என்னும் யூதப் போதனைத் தொகுப்பின் ஆசிரியர்கள், பாலைவனத்தில் வானத்திலிருந்து வந்த உணவான மன்னா மோசேயின் பொருட்டும் வழிநடத்திய மேகம் ஆரோனின் பொருட்டும் கிடைத்ததுபோல, மக்களோடு கூடவே வந்த கிணறு மிரியாமின் பொருட்டுக் கிடைத்தது என்றார்கள். இக்காலத்தில் சில யூத வீடுகளில் எகிப்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் பஸ்கா விருந்தின்போது எலியா தீர்க்கதரிசிக்கான கிண்ணத்தோடு மிரியாமுக்காகத் தண்ணீர் நிறைந்த ஒரு கிண்ணமும் வைக்கிறார்கள். 'கசப்பு' என்ற விளக்கத்தைத் தந்த அதே குருமார் மரபுதான் இந்தக் கிணற்றையும் தந்தது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கலங்குவானேன்?

மிரியாமும் மரியாளும் ஒரே பெயர்தானா என்று கேட்டிருந்தாய், ஆம். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் மோசேயின் அக்காள் 'மரியாம்' என்றே வருகிறாள். முதலசையின் அகரம் இகரமானது எபிரேய உச்சரிப்பில் பின்னர் நேர்ந்த மாற்றம். நம் வேதாகமத்தில் சிம்சோன் என்றும் ஆங்கிலத்தில் சாம்சன் என்றும் வருவதற்கும் காரணம் இதுவே. இறுதி மகரம் உதிர்ந்த 'மரியா' என்ற வடிவமும் முதல் நூற்றாண்டு யூதரின் எலும்புப் பேழைகளில் காணப்படுகிறது. தமிழில் அதோடு 'ஆள்' சேர்ந்து, சாராள், அன்னாள் வரிசையில் மரியாள் ஆனது.

அந்தக் காலத்து யூதேயாவில் பெண்களின் பெயர்களில் மரியாமும் சலோமேயும்தான் முதலிரு இடங்களில் இருந்தன. மக்கள் போற்றிய அஸ்மோனிய அரச குடும்பத்தின் இளவரசியும் யூதேயாவின் அரசன் ஏரோதின் மனைவியுமான மரியாம்மே, கி.மு. 29இல் அவனாலேயே கொல்லப்பட்டவள், இந்தப் பெயரைத் தாங்கியது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. கொன்றபின் எருசலேமில் ஒரு கோபுரத்துக்கு அவள் பெயரையே வைத்தான் ஏரோது! புதிய ஏற்பாட்டில் மரியாள்கள் அத்தனை பேர் இருப்பதும், மகதலேனா, யாக்கோபின் தாய், கிலெயோப்பாவின் மனைவி என்று அடைமொழி தேவைப்படுவதும் இந்தப் பெயர்ப் பெருக்கத்தால்தான்.

குர்ஆனில் பெயர் சொல்லி அழைக்கப்படும் ஒரே பெண் மர்யம். 19ஆம் அத்தியாயமே அவர் பெயரால் அமைந்தது. அங்கே ஈசா நபியின் தாய் 'ஹாரூனின் சகோதரியே', அதாவது ஆரோனின் சகோதரியே, என்று அழைக்கப்படுகிறார். அதைப் பற்றி எழுந்த கேள்விக்கு, அக்கால மக்கள் தங்களுக்கு முன் வாழ்ந்த நபிமார்கள், நல்லோர்கள் பெயர்களைச் சூட்டிக்கொள்வார்கள் என்று நபிகள் நாயகம் பதிலளித்ததாக ஒரு ஹதீஸ் உண்டு. உங்கள் தெருவின் மர்யம் அக்காவுக்கும் உன் மகளுக்கும் பெயர் ஒன்றே என்பதை மாப்பிள்ளையிடம் சொல். மாரியம்மனோடு மட்டும் இதை முடிச்சுப் போடாதே. மாரி என்பது மழையைக் குறிக்கும் நம் சொல். இரண்டிலும் ஒலி ஒத்திருப்பது தற்செயல்.

பொருள் துயரமாக இருந்தால் ஆகாது என்றால், ஸ்பெயினில் மாதாவின் வியாகுலங்களை நினைந்து டொலோரஸ் என்றும், நம் கத்தோலிக்கர் வியாகுலமேரி என்றும் பெண்களுக்கு ஆசையாகப் பெயர் வைப்பதை அத்தையிடம் எடுத்துக்காட்டு.

இனி எழுத்துக்கூட்டல். தமிழில் மிரியாம் என்று நெடிலோடு எழுதுங்கள். வேதாகமத்தில் உள்ள வடிவம் அது, எபிரேய ஒலிக்கும் நெருக்கமானது. ஆங்கிலத்தில் ஒரே வடிவத்தை முடிவு செய்துகொண்டு ஆதார் முதல் பள்ளிச் சான்றிதழ்வரை அதையே பயன்படுத்துங்கள். பிறப்பு பெயரில்லாமல் பதிவாகியிருந்தால் ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்த்துவிடலாம். ஆகவே அவசரமில்லை, அத்தை இதைப் படித்து முடிக்கட்டும், வேறு ஐயம் இருந்தால் அவர்களையே எனக்கு எழுதச் சொல்.

அன்புடன்,
அண்ணன்