இருக்கிறதா? எங்கே இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் நிரலாக்கப் பாடம், பட்டியலில் ஒரு மதிப்பைத் தேட ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் 'இண்டெக்ஸ்ஆஃப்' (indexOf) என்ற கட்டளை போதும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. புதிதாகக் கற்பவர்கள் இடறி விழும் இடமே அதுதான்.

'இருக்கிறதா?' என்பது ஒரு கேள்வி, 'எங்கே இருக்கிறது?' என்பது வேறு. முதலாவதற்கு ஆம், இல்லை என்று விடை வரும். இரண்டாவதற்கு ஓர் எண். ஜாவாஸ்கிரிப்டில் இண்டெக்ஸ்ஆஃப் உறுப்பின் இடத்தைத் தரும், கிடைக்காவிட்டால் -1 தரும். அந்த எண்ணை அப்படியே 'இஃப்' நிபந்தனையில் போட்டால் கூத்துதான். இடங்கள் 0-இலிருந்து எண்ணப்படுவதால், தேடியது முதல் உறுப்பாக இருந்தால் விடை 0. நிபந்தனையில் 0 பொய்யாகவும் மற்ற எண்கள் மெய்யாகவும் கொள்ளப்படும். எனவே இல்லவே இல்லாதபோது வரும் -1 மெய்யாகிவிடும். நடுவில் இருக்கும் உறுப்பைக் கொண்டு சோதித்தால் எல்லாம் சரியாகத் தெரிவதால் இந்தப் பிழை வெகுநாள் ஒளிந்திருக்கும்.

இருக்கிறதா என்று மட்டும் அறிய, 2016 பதிப்பில் அந்த மொழிக்கு வந்த 'இன்க்ளூட்ஸ்' (includes) இருக்கிறது. அது 'NaN' எனப்படும் எண்ணல்லாத மதிப்பையும் கண்டுபிடிக்கும். அந்த மதிப்பு தனக்கே சமமில்லை என்பது விதி (விசித்திரமான விதிதான்). அதனால் இண்டெக்ஸ்ஆஃபுக்கு அது அகப்படாது.

இன்னொரு மொழியான பைத்தானில், லிஸ்ட் எனப்படும் பட்டியலின் 'இண்டெக்ஸ்', தேடியது இல்லாவிட்டால் பிழை எழுப்பும். அது நல்லதே. ஆனால் சரங்களுக்கான (எழுத்துத் தொடர்களுக்கான) 'ஃபைண்ட்' -1 தரும். பைத்தானில் -1 என்ற இடம் கடைசி எழுத்து. சோதிக்காமல் பயன்படுத்தினால் சத்தமில்லாமல் தவறான எழுத்து வந்து சேரும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். பைத்தான் லிஸ்டில், இருக்கிறதா என்று பார்க்கும் 'இன்' (in) ஒவ்வோர் உறுப்பாகப் பார்த்துக்கொண்டே போகும். 10,000 உறுப்புகள் கொண்ட இரண்டு லிஸ்டுகளில் பொதுவானவற்றை இப்படித் தேடினால் 10 கோடி ஒப்பீடுகள் வரை ஆகலாம். ஒன்றை செட்டாக (மதிப்பைக் கொண்டே அதன் இடத்தைக் கணிக்கும் தொகுப்பாக) மாற்றினால் ஒவ்வொரு தேடலும் ஏறத்தாழ ஒரே எட்டில் முடியும். மாற்றத்தை, திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்கு வெளியே ஒரே முறை செய்ய வேண்டும்; உள்ளே வைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் செட்டைப் புதிதாகக் கட்டி, பழைய நிலையைவிட மோசமாகும்.

ஜாவா மொழியில், இரு பொருள்கள் சமமா என்று சொல்லும் 'ஈக்குவல்ஸ்' எழுதிவிட்டு, பொருளை எந்தப் பெட்டியில் வைப்பது என்று தீர்மானிக்க உதவும் எண்ணைத் தரும் 'ஹாஷ்கோட்' எழுத மறந்தால், சமமான பொருள் உள்ளே இருந்தும் ஹாஷ்செட் (ஜாவாவின் ஒரு செட்) வேறு பெட்டியில் தேடி 'இல்லை' என்று கைவிரிக்கக்கூடும்.

அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்தி, முதல் உறுப்பு, இல்லாத உறுப்பு, வெற்றுப் பட்டியல் மூன்றையும் சோதிக்கும் எடுத்துக்காட்டு ஒன்றைத் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்